மண்டல மாற்றக் கருத்துக் கேட்புச் சேவை: படத்தை விட்டுவிட்டு அட்டவணையைப் படியுங்கள்

எங்கள் குடியிருப்பின் ஒரு பகுதியைக் குடியிருப்பு மண்டலத்திலிருந்து கலப்புப் பயன்பாட்டு மண்டலமாக மாற்ற ஒரு முன்மொழிவு வந்திருக்கிறது. மண்டலம் என்பது ஒரு நிலத்தில் எதைக் கட்டலாம், எவ்வளவு கட்டலாம் என்று சொல்லும் வகைப்பாடு. அது பற்றி மக்கள் கருத்தைக் கேட்கத் திட்ட அலுவலகம் ஒரு சேவையை நடத்துகிறது. அறிவிப்பு, இணைய வரைபடம், அதிகாரிகள் உட்கார்ந்து விளக்கம் தரும் விளக்க முகப்பு, நேரடிக் கூட்டம், எழுத்து மனு என்று அதில் ஐந்து பகுதிகள். எல்லாவற்றையும் பயன்படுத்திப் பார்த்தேன். மொத்தமாக ஐந்துக்கு இரண்டரை கொடுப்பேன். வரைபடத்துக்கு மட்டும் கேட்டால் நாலரை, கூட்டத்துக்கு மட்டும் கேட்டால் ஒன்று.

கட்டட வரைபடம் வரைவது என் தொழில். தளப்பரப்புக் குறியீடு, பக்க இடைவெளி போன்றவை எனக்கு அன்றாடம் புழங்கும் சொற்கள். தெருவில் பெரும்பாலானவர்களுக்கு அப்படி இல்லை. வாழ்நாள் சேமிப்பைப் போட்டுக் கட்டிய வீட்டுக்குப் பக்கத்தில் என்ன வரப்போகிறது என்பதை அவர்கள் ஓர் அட்டவணையில் இருக்கும் எண்களை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இந்தச் சேவை அதற்கு எவ்வளவு உதவியது, எங்கே கைவிட்டது என்று பதிவு செய்யவே இதை எழுதுகிறேன். உங்கள் தெருவுக்கும் இப்படி ஓர் அறிவிப்பு வரலாம்.

ஒரு கருத்துக் கேட்பு ஒழுங்காக நடந்ததா என்று அளக்க ஓர் அளவுகோல் வேண்டும். 1985இல் லண்டனின் பிரெண்ட் பகுதியில் பள்ளிகளை மூடுவது குறித்து நடந்த கன்னிங் வழக்கில் நான்கு நெறிகள் முன்வைக்கப்பட்டன. முடிவு இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் கட்டத்திலேயே மக்களிடம் கேட்க வேண்டும். யோசித்துப் பதில் சொல்லும் அளவுக்குக் காரணங்களைத் தர வேண்டும். போதிய அவகாசம் தர வேண்டும். வந்த கருத்துகளை மனசாட்சியோடு பரிசீலித்த பிறகே முடிவெடுக்க வேண்டும். பிரிட்டன் உச்ச நீதிமன்றமும் 2014இல் இந்த நெறிகளை ஏற்று உறுதிசெய்தது. அந்தத் தீர்ப்பு எல்லா ஊர் அலுவலகங்களையும் கட்டுப்படுத்தாது என்பது தெரியும். ஆனாலும் இவற்றில் நியாயமில்லாதது என்று எதைச் சொல்ல முடியும்? அதனால் இவற்றையே கையில் வைத்துக்கொண்டேன்.

முதலில் அறிவிப்பு. தெருமுனை விளக்குக் கம்பத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். நில அளவை எண்கள் மட்டும் இருந்தன, வீட்டு எண்கள் இல்லை. தன் வீட்டின் அளவை எண்ணை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? பத்திரத்தை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். தனியாக ஒரு கடிதமும் அனுப்பினார்கள், ஆனால் நில உரிமையாளர்களுக்கு மட்டும். எங்கள் தெருவில் வாடகைக்கு இருப்பவர்கள் நிறைய. அவர்களில் ஒருவருக்கும் கடிதம் வரவில்லை. உரிமையாளர்களில் சிலர் வெளியூரில் இருக்கிறார்கள். அவர்கள் பெயருக்கு வந்த கடிதங்கள் படிக்கப்படாமலே கிடந்தன. இடித்துக் கட்டும் வேலை தொடங்கினால் முதலில் வீட்டைக் காலி செய்யப்போவது வாடகைக்காரர்கள். அவர்களுக்குச் சொல்லாமல் ஒரு வட்டாரத்தின் கருத்தைக் கேட்டுவிட்டதாக எப்படிக் கணக்கெழுத முடியும் என்று எனக்குப் புரியவில்லை.

மனு கொடுக்க மூன்று வாரம் அவகாசம். இணைப்புகளோடு சேர்த்துப் பார்த்தால் ஆவணம் மிகப் பெரியது. தொழில் தெரிந்த நானே வேலை முடிந்த பிறகு இரவில் உட்கார்ந்துதான் படித்து முடித்தேன். பக்கத்து வீட்டு அம்மா, “இதையெல்லாம் படிச்சுட்டுத்தான் பேசணும்னா நாங்க எப்பப் பேசறது, தம்பி?” என்று கேட்டார். அவர் கேள்விக்கு அந்த அவகாசத்தில் பதில் இல்லை.

அடுத்து இணைய வரைபடம். இந்தச் சேவையின் மிகச் சிறந்த பகுதி இதுதான், மனதாரப் பாராட்டுகிறேன். வீட்டு எண்ணைத் தட்டினால் உங்கள் மனை மட்டும் தனியாக ஒளிரும். இடது பக்கத்தில் இப்போதைய விதி, வலது பக்கத்தில் முன்மொழியப்படும் விதி. அறிவிப்புத் தாளில் இல்லாத வீட்டு எண் இங்கே இருந்தது. கைப்பேசியிலும் தடங்கலில்லாமல் திறந்தது. ஒவ்வொரு சொல்லையும் தொட்டால் இரண்டு வரியில் விளக்கம் வந்தது. செய்தவர்கள் யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

எங்கள் மனைகளுக்கு அதில் கண்ட மாற்றம் இது. தளப்பரப்புக் குறியீடு 1.5இலிருந்து 3 ஆகிறது. உயர வரம்பு 10 மீட்டரிலிருந்து 21 மீட்டர். மனையில் கட்டடம் அடைக்கக்கூடிய பங்கு 50 சதவீதத்திலிருந்து 60 சதவீதம். பின்புறம் விட வேண்டிய காலி இடம் 3 மீட்டரிலிருந்து ஒன்றரை மீட்டர். தரைத்தளத்தில் கடை, உணவகம், மருத்துவமனை, அலுவலகம் வரலாம்.

தளப்பரப்புக் குறியீடு என்றால் எல்லாத் தளங்களின் பரப்பையும் கூட்டி மனையின் பரப்பால் வகுத்தால் வரும் எண். 200 சதுர மீட்டர் மனையில் இப்போது மொத்தம் 300 சதுர மீட்டர் கட்டலாம். மாற்றம் வந்தால் 600. மனையில் 60 சதவீதத்தை அடைத்துக் கட்டினால் ஒரு தளத்துக்கு 120 சதுர மீட்டர், ஆக ஐந்து தளங்களில் முடிந்துவிடும். பாதிக்கும் குறைவான இடத்தில் ஒடுக்கமாக எழுப்பினால் ஏழு தளம் வரை போகும். இரண்டும் ஒரே விதிக்குள் வருபவைதான். ஆனால் பக்கத்து வீட்டுச் சன்னலுக்கு இரண்டும் ஒன்றாகாது. முதல் வகையில் காற்று வரும் சந்து குறுகும், இரண்டாவது வகையில் வெயில் மறையும். வரைபடத்தில் இந்த இரண்டையும் உருவமாகக் காட்டும் வசதி மட்டும் இருந்திருந்தால் ஐந்துக்கு ஐந்தே கொடுத்திருப்பேன்.

விளக்க முகப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானோர் தடுமாறியது அங்கேதான். மூலையில் இருக்கும் பெரிய மனையின் உரிமையாளர்தான் மாற்றத்துக்கு விண்ணப்பித்தவர். அவர் தரப்பிலிருந்து ஒரு பெரிய வண்ணப் படம் வைத்திருந்தார்கள். நான்கு தளக் கட்டடம், கீழே புத்தகக் கடை, நிழல் தரும் மரங்கள், பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள், ஒரு பக்கம் சிறு நூலகம். வந்தவர்கள் எல்லோரும் அதன் முன்னால்தான் நின்றார்கள். “நல்லாத்தானே இருக்கு, இதுக்கு ஏன் எதிர்ப்பு?” என்று ஒருவர் கேட்டதும் என் காதில் விழுந்தது.

முகப்பில் இருந்த இளம் அதிகாரியிடம் போய், “சார், இந்தப் படத்தில் இருப்பதைத்தான் கட்ட வேண்டும் என்று விதியில் எங்காவது இருக்கிறதா?” என்று கேட்டேன். அவர் மழுப்பவில்லை. “இல்லைங்க. படம் எடுத்துக்காட்டுக்குத்தான். மண்டலம் மாறினால் அட்டவணையில் இருக்கும் உச்ச வரம்பு வரை யாரும் கட்டலாம்” என்றார். அந்த நேர்மைக்காக அவருக்கு நன்றி. அவர் பெயர் தெரியாது, தெரிந்தாலும் இங்கே எழுதுவது முறையல்ல.

எல்லோருக்கும் தெரிய வேண்டியது இந்த ஒரு விஷயம்தான். மண்டல மாற்றம் ஒரு கட்டடத்துக்குத் தரும் அனுமதி ஆகாது. அது நிலத்தோடு ஒட்டிக்கொள்ளும் உரிமை. விண்ணப்பித்தவர் நாளைக்கே அந்த மனையை விற்கலாம். வாங்குகிறவர் நூலகத்தையும் மரங்களையும் பற்றிக் கேள்விப்பட்டுக்கூட இருக்க மாட்டார், ஆனால் ஏழு தளம் கட்டும் உரிமை அவர் கைக்குப் போய்விடும். அதோடு, மாற்றம் மூலை மனைக்கு மட்டும் நிற்கவில்லை, எங்கள் வரிசை முழுவதற்கும் சேர்த்துத்தான் வருகிறது. படத்தில் இருப்பது ஒரு கட்டடம். அட்டவணை அனுமதிப்பது ஒரு தெரு நிறையக் கட்டடங்களை. எனவே கேட்க வேண்டியது, “அதிகபட்சம் என்ன கட்டலாம்?” என்ற கேள்வியைத்தான்.

வாக்குறுதிகளைக் கட்டுப்பாடாக மாற்ற வழியே இல்லையா என்றால், உண்டு. இங்கிலாந்தில் 1990ஆம் ஆண்டு நகர், ஊரகத் திட்டச் சட்டத்தின் 106ஆவது பிரிவின்படி கட்டுபவர் தரும் உறுதிமொழியை எழுத்து ஒப்பந்தமாக்கலாம். நிலம் கைமாறினாலும் அந்த ஒப்பந்தம் நிலத்தோடு கூடவே போகும். அமெரிக்காவில் பல நகரங்கள் நிபந்தனையோடு கூடிய மண்டல மாற்றம் தருகின்றன. நூலகம் கட்டித் தருவது உண்மையான எண்ணம் என்றால் அதை எழுத்தில் கொடுப்பதில் யாருக்கும் தயக்கம் இருக்க வேண்டியதில்லை. இதை முகப்பில் கேட்டபோது, “மனுவில் எழுதுங்கள்” என்றார்கள். எழுதியிருக்கிறேன்.

நிழல் பற்றிய ஆய்வும் அங்கே வைத்திருந்தார்கள். வருடத்தில் சூரியன் மிக உயரத்தில் இருக்கும் பருவத்தின் நண்பகலை மட்டும் எடுத்துக்கொண்டு, நிழல் பக்கத்து மனையைத் தொடவே இல்லை என்று காட்டியிருந்தார்கள். அந்த நேரத்துக்கு அது சரிதான். ஆனால் சூரியன் 30 டிகிரி உயரத்தில் இருக்கும்போது 21 மீட்டர் கட்டடத்தின் நிழல் ஏறக்குறைய 36 மீட்டர் நீளும். எங்கள் தெருவின் அகலத்தைத் தாண்டி எதிர்வரிசை வீடுகளின் கூரை மீதே விழும். ஜப்பானில் 1976இல் கட்டட விதிகளில் நிழல் கட்டுப்பாட்டைச் சேர்த்தபோது, வருடத்தின் மிகக் குறுகிய பகல் உள்ள நாளில் காலை 8 முதல் மாலை 4 வரை விழும் நிழலை அளக்க வேண்டும் என்று வைத்தார்கள், ஹொக்கைடோவில் மட்டும் 9 முதல் 3 வரை. நிழல் மிக நீளமாக இருக்கும் நாளை எடுத்துக்கொண்டு அளப்பதுதானே முறை? அடுத்த முறையாவது இந்த அலுவலகம் அப்படிச் செய்ய வேண்டும்.

கூட்டத்தில் ஒரு பெரியவர் தன் மொட்டை மாடியில் வெயில் போய்விடும் என்று சொன்னபோது மேடையில் இருந்த ஒருவர், நிழலெல்லாம் ஒரு ஆட்சேபணையா என்பதுபோலப் பேசினார். எனக்கு அது வருத்தமாக இருந்தது. மண்டல விதிகள் பிறந்த கதையிலேயே நிழல் இருக்கிறது. நியூயார்க்கில் 1915இல் எக்விடபிள் கட்டடம் எழும்பியது. ஏறக்குறைய 40 தளங்கள், எங்கும் உள்வாங்காமல் நடைபாதை ஓரத்திலிருந்து செங்குத்தாக. சுற்றியிருந்த தெருக்கள் இருண்டு போயின. அதைக் கண்டு எழுந்த எதிர்ப்பும் சேர்ந்துதான் 1916இல் அந்த நகரத்தின் மண்டல விதியைக் கொண்டுவந்தது. உயரே போகப் போகக் கட்டடம் பின்வாங்க வேண்டும் என்ற விதி அதில் வந்ததே தெருவுக்கு வெளிச்சமும் காற்றும் வேண்டும் என்பதற்காக. அந்தப் பெரியவர் கேட்டதும் அதைத்தான்.

சரி, கூட்டத்துக்கு வருவோம். விண்ணப்பதாரர் தரப்பின் விளக்கம் முக்கால் மணி நேரம் ஓடியது. பொதுமக்களுக்கு ஆளுக்கு இரண்டு நிமிடம். இரண்டு நிமிடம் ஆனதும் மணி அடித்தார்கள், ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார்கள். கேட்ட கேள்விகளைக் குறித்துக்கொண்டார்களே ஒழிய ஒன்றுக்கும் அங்கே பதில் சொல்லவில்லை. வடிகால் பொறியாளரோ போக்குவரத்து ஆய்வு செய்தவரோ மேடையில் இல்லை. வேலை நாளில் பகல் நேரத்தில் வைத்ததால் சம்பளம் போகும் என்று வராமல் இருந்தவர்களும் உண்டு. அரங்குக்குப் படியேறித்தான் போக வேண்டும், சாய்தளம் இல்லை. கைத்தடியோடு வந்த இரண்டு பேர் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் வீடுகள் இரண்டும் மாற்றம் வரும் வரிசையில் இருக்கின்றன. ஒலிவாங்கியைக் கீழே கொண்டுபோய் அவர்களிடம் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

இன்னொன்றும் உறுத்தியது. விளக்கத்தின் கடைசியில் காட்டிய கால அட்டவணையில் கட்டுமானம் எந்த மாதம் தொடங்கும் என்று போட்டிருந்தார்கள். அந்த நேரத்தில் மனு கொடுக்கும் காலமே முடிந்திருக்கவில்லை. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் 1998இல் கையெழுத்தான உடன்படிக்கை, சுற்றுச்சூழல் தொடர்பான முடிவுகளில் மக்கள் பங்கேற்பு, எல்லா வழிகளும் திறந்திருக்கும்போதே தொடங்க வேண்டும் என்கிறது. எங்கள் அரங்கில் அந்த அட்டவணை திரையில் வந்ததும் பின்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து போகத் தொடங்கினார்கள். முடிவாகிவிட்டது என்று அவர்கள் எண்ணியதில் தவறே இல்லை.

இரண்டு நிமிடங்களுக்குள் மக்கள் சொன்னவற்றில் மிகக் கனமானது மழைநீர் பற்றியது. தெருவின் தாழ்ந்த முனையில் இருக்கும் ஓர் அம்மா, மழைக்காலத்தில் தன் வீட்டு வாசலில் தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே தேங்குகிறது என்பதைப் படம் எடுத்துக் கொண்டுவந்திருந்தார். திரையில் காட்ட அனுமதி கிடைக்கவில்லை. அவர் கவலைக்குப் பின்னால் இருக்கும் கணக்கு எளியது. 1000 சதுர மீட்டர் பரப்பில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுவது 50,000 லிட்டர். புல்லும் மண்ணுமாக இருந்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு போல, சுமார் 10,000 லிட்டர், வடிகாலுக்கு ஓடிவரும், மீதி பெரும்பாலும் மண்ணுக்குள் இறங்கும். அதே பரப்பு கூரையும் காங்கிரீட்டுமாக மாறினால் பத்தில் ஒன்பது பங்கு, 45,000 லிட்டர், ஓடிவரும். வடிகால் குழாயின் விட்டம் அப்படியேதான் இருக்கும்.

பின்புறக் காலி இடம் 3 மீட்டரிலிருந்து ஒன்றரை மீட்டராகக் குறைவதை நான் அதனால்தான் பெரிதாக எடுத்துக்கொண்டேன். எங்கள் வரிசையில் பின்பக்கத் தோட்டங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று ஒட்டியிருக்கின்றன. இரண்டு பக்கமும் சேர்த்து 6 மீட்டர் அகல மண்பட்டை. மழைநீர் இறங்க இங்கே இருக்கும் ஒரே இடம் அதுதான். அது பாதியாகும். ஆவணத்தின் வடிகால் பகுதியைத் தேடிப் படித்தேன். ‘தற்போதைய கட்டமைப்பு போதுமானது’ என்று ஒரு வரி இருந்தது, கணக்கு எதுவும் இல்லை. கன்னிங் வழக்கின் இரண்டாவது நெறி, யோசித்துப் பதில் சொல்லும் அளவுக்குக் காரணம் தர வேண்டும் என்பது, இங்கே அடிபட்டுப் போகிறது.

போக்குவரத்து ஆய்வு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாகனங்களை எண்ணிய நாள் பள்ளி விடுமுறைக்குள் வருகிறது. எங்கள் தெருவில் நெரிசலே பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும்தான். மறுபடி எண்ண வேண்டும், அவ்வளவுதான்.

கூட்டத்தில் என் பக்கத்து ஆட்சேபணைக்காரர்களிடமே எனக்கு உடன்பாடில்லாத பேச்சும் வந்தது. “அடுக்குமாடி வந்தால் வாடகைக்காரர்கள் வருவார்கள், தெருவின் தரம் போய்விடும்” என்று சிலர் பேசினார்கள். அரங்கில் வாடகைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கடிதம் வராமலே கேள்விப்பட்டு வந்தவர்கள் அவர்கள். இந்தப் பேச்சு புதிதும் இல்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1926இல் ஒஹையோ மாநிலத்தின் யூக்ளிட் கிராம வழக்கில் மண்டல விதிகள் செல்லும் என்று தீர்ப்பளித்தபோது, தனி வீடுகள் உள்ள பகுதியில் வரும் அடுக்குமாடியை ஒட்டுண்ணி என்றே எழுதியது. அதற்கு முன் 1917இல் லூயிவில் நகர வழக்கில், எந்தத் தெருவில் எந்த நிறத்தவர் குடியிருக்கலாம் என்று பிரித்த விதியை அதே நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. மண்டல விதியை வெளிச்சத்துக்கும் வடிகாலுக்கும் பயன்படுத்தலாம், மனிதர்களை வெளியே நிறுத்தவும் பயன்படுத்தலாம். முதலாவதற்காக நான் கையெழுத்துப் போடுவேன், இரண்டாவதற்கு ஒருபோதும் மாட்டேன்.

வீடுகள் கூட வேண்டும் என்பதிலும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரம் 2016இல் தன் குடியிருப்பு நிலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கில் கூடுதலாகக் கட்ட அனுமதித்தது, அதன் பிறகு அங்கே புதிய வீடுகள் கட்டுவது கண்கூடாகப் பெருகியது. நடந்து போகும் தூரத்தில் ஒரு மருந்துக்கடையும் சிறு மருத்துவமனையும் வந்தால் எங்கள் தெருவின் வயதானவர்களுக்கு அது பெரிய உதவி. ஜப்பானில் மண்டல வகைகளை நாடு முழுவதற்கும் ஒன்றாக வைத்திருக்கிறார்கள், இப்போது 13 வகைகள். அவற்றில் மிகக் கண்டிப்பான தாழ்தளக் குடியிருப்பு மண்டலத்திலும் வீட்டோடு சேர்ந்த சிறு கடைக்கு இடம் உண்டு: 50 சதுர மீட்டருக்குள், வீட்டின் பாதிப் பரப்புக்கும் குறைவாக. தெரு தெருவாகவே இருக்கும், கடையும் இருக்கும். கலப்பு என்றால் உடனே ஏழு தளம், தரைத்தளம் முழுக்க உணவகம் என்றுதான் போக வேண்டும் என்று யார் சொன்னது? எங்களுக்குக் காட்டப்பட்டது ஒரே ஒரு வழி. ஆம் என்று சொல், இல்லை என்று சொல் என்ற இரண்டு பெட்டிகள்தான் கருத்துப் படிவத்தில் இருந்தன. ‘இந்த மாற்றங்களோடு என்றால் ஆம்’ என்று சொல்லவும் ஒரு பெட்டி வேண்டும். அது இருந்திருந்தால் எங்கள் தெருவில் பாதிப்பேர் அதைத்தான் தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்பது அவர்களோடு பேசியதில் எனக்குக் கிடைத்த எண்ணம்.

எழுத்து மனு கொடுக்கும் ஏற்பாடு நன்றாகவே இருந்தது. இணையத்திலும் கொடுக்கலாம், நேரிலும் கொடுக்கலாம். நேரில் கொடுத்தால் தேதி முத்திரையோடு ஒப்புகைச் சீட்டு உடனே கிடைக்கிறது. கூட்டம் கூட்டமாகப் போனாலும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டார்கள். எழுதத் தெரியாத ஒருவருக்கு முகப்பில் இருந்த பெண் ஊழியர், “நீங்க சொல்லுங்க ஐயா, நான் எழுதறேன்” என்று சொல்லி எழுதி, திரும்ப வாசித்துக் காட்டி, கைநாட்டு வாங்கினார். மொத்த மதிப்பெண்ணில் அரை மதிப்பெண் அவருக்காகவே.

மனுக்களை அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைத் தொகுப்பு அறிக்கை வந்த பிறகுதான் பார்க்க முடிந்தது. ஒரே வாசகத்தில் நகலெடுத்துப் பலர் கையெழுத்திட்ட மனுக்களை ஒரே கருத்தாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். நிழல், வடிகால், கழிவுநீர், வாகன நிறுத்தம் எல்லாவற்றையும் ‘உட்கட்டமைப்பு குறித்த கவலைகள்’ என்ற ஒரே தலைப்பில் அடக்கி, எதிரில் ‘கவனத்தில் கொள்ளப்பட்டது’ என்று போட்டிருக்கிறார்கள். அந்த அம்மா கொண்டுவந்த வெள்ளப் படங்கள் இணைப்பில் இல்லை. பதில் பெற்ற மனுக்கள் மிகச் சில. அவற்றைத் தேடிப் படித்தபோது ஒரு பொதுத்தன்மை தெரிந்தது. அட்டவணையின் எந்த வரியை மாற்ற வேண்டும், என்னவாக மாற்ற வேண்டும் என்று சொன்ன மனுக்களுக்கு மட்டும் பொறியாளரின் பதில் எழுத்தில் வந்திருக்கிறது. ‘வேண்டவே வேண்டாம்’ என்று மட்டும் எழுதியவர்களுக்கு நன்றி என்ற ஒரு சொல்தான்.

என் மனுவில் கேட்டவற்றில் பின்புறக் காலி இடத்தை 3 மீட்டராகவே வைக்க வேண்டும் என்பதை ‘மறுபரிசீலனைக்கு உரியது’ என்று குறித்திருக்கிறார்கள். ஒரு தள வீடுகளை ஒட்டிய பக்கத்தில் கட்டடம் படிப்படியாகத்தான் உயர வேண்டும் என்று கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. வடிகால் கொள்ளளவுக் கணக்கு வந்த பிறகே கட்டட அனுமதி தர வேண்டும் என்ற கோரிக்கையைத் துறைக்கு அனுப்பியிருப்பதாகப் போட்டிருக்கிறார்கள். வாகன எண்ணிக்கையை மறுபடி எடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இது சின்ன வெற்றிதான், ஆனாலும் பள்ளி நடக்கும் நாளில் எடுப்போம் என்று எழுத்திலேயே வந்திருப்பது நல்லது.

இந்தச் சேவையைப் பயன்படுத்தப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கூட்டத்துக்குப் போங்கள், ஆனால் அங்கே பேசியதோடு விட்டுவிடாதீர்கள். பேசியதையே எழுதி முத்திரை வாங்குங்கள். முதலில் வரைபடத்தில் உங்கள் மனையையும் அக்கம்பக்கத்து மனைகளையும் தட்டி, பழைய விதி புதிய விதி இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். வண்ணப் படம் பிடித்திருந்தால், அதில் இருப்பதை நிபந்தனையாக எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் மனுவை அப்படியே நகலெடுக்காமல் உங்கள் வாசலில் நடப்பதை உங்கள் சொற்களில் எழுதுங்கள். மாடியில் வாடகைக்கு இருப்பவரிடமும் சொல்லுங்கள், மனு கொடுக்க நிலம் சொந்தமாக இருக்க வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை. முகப்பில் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

இரண்டாம் சுற்று மனுக்களை இப்போது வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். திருத்திய அட்டவணை வரைபடத்தில் ஏறிவிட்டது, உயர வரம்பு இன்னும் அதே 21 மீட்டர்தான். படியேற முடியாதவர்களுக்காக இந்த முறை கூட்டத்தைத் தரைத்தளத்தில் மாலை நேரத்தில் வைக்கச் சொல்லித் தெருவில் கையெழுத்து வாங்கிக் கொடுத்திருக்கிறோம். அதற்குப் பதில் வந்ததும் கூட்டத்துக்கான மதிப்பெண்ணைத் திருத்தி எழுதுகிறேன்.